எட்டு ரீலும் எங்கே போயின?

கேள்வி இதுதான்: 1919-ல் வெளிவந்த 'தி ஹோம்ஸ்டெடர்' என்ற மௌனப் படம்தான் கறுப்பர் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்களே, அதை எங்கே பார்க்கலாம்? கிடைக்காது என்றால், இன்று உயிரோடு இருக்கும் யாரும் பார்க்காத ஒரு படத்தைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுத எப்படி முடிகிறது?

முதல் பாதிக்கு ஒரே வரிதான் பதில். பார்க்க முடியாது. எட்டு ரீல், அதாவது எட்டுப் பிலிம் சுருள் கொண்ட படம், எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கவில்லை. இரண்டாம் பாதிக்குப் பதில் சொல்ல, படம் எடுத்தவரிலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் அது அவருடைய சொந்தக் கதை. கொஞ்சம் சொந்தப் பகையும் கலந்தது.

ஆஸ்கர் மிஷோ 1884-ல் இல்லினாய் மாநிலத்தில் மெட்ரோபோலிஸ் என்ற சின்ன ஊர் அருகே பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா அடிமையாகப் பிறந்தவர். குடும்பப் பெயரே பழைய எஜமானருடையதுதான். மிஷோ பதினேழு வயதுவாக்கில் சிகாகோவுக்குப் போனார். இறைச்சிக் கொட்டடி, இரும்பாலை என்று அலைந்து, ஷூ பாலிஷ் கடை போட்டு, கடைசியில் புல்மன் ரயில்களில் படுக்கை விரிக்கும் போர்ட்டர் வேலையில் சேர்ந்தார். அன்றைய கறுப்பின இளைஞர்களுக்கு அது நல்ல வேலை. ஊர் ஊராகச் சுற்றலாம், டிப்ஸ் சேர்க்கலாம், பணக்காரர்கள் பேசுவதைக் காதில் வாங்கலாம். மிஷோ மூன்றையும் செய்தார்.

சேர்த்த பணத்தோடு 1905-ல் தெற்கு டகோடாவின் கிரெகரி கவுண்டியில் 160 ஏக்கர் வாங்கி விவசாயத்தில் இறங்கினார். 'ஹோம்ஸ்டெடர்' என்ற சொல் இங்கேதான் வருகிறது. 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்க அரசு மேற்குப் பகுதி நிலத்தை 160 ஏக்கர் துண்டுகளாகக் குடியேறிகளுக்குக் கொடுத்தது. அங்கேயே குடிசை போட்டு, உழுது, பயிரிட்டுக் காட்டினால் பட்டா கிடைக்கும். அப்படி நிலம் எடுத்தவர்தான் ஹோம்ஸ்டெடர். மிஷோ எடுத்த இடம் ரோஸ்பட் லக்கோட்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து அரசு பிரித்து வெளியாருக்குத் திறந்துவிட்ட பகுதி. இவருடைய எழுத்தில் அந்தப் பக்கம் பெரிதாக வராது. ஆனால் வாசிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

சுற்றிலும் வெள்ளையர் பண்ணைகள். நடுவில் ஒரே ஒரு கறுப்பு விவசாயி. முதல் வருஷம் கோவேறு கழுதையையும் ஏரையும் வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பார்த்துச் சிரித்தவர்கள், நாலைந்து வருஷத்தில் அவர் தங்களைவிட அதிகம் உழுதிருப்பதைப் பார்த்தார்கள். பக்கத்துப் பண்ணையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு நேசம் ஏற்பட்டதாகவும், இனத்துக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று தானே விலகியதாகவும் அவர் எழுதுகிறார். பிறகு 1910-ல் சிகாகோவில் ஒரு பாதிரியாரின் மகளை மணந்தார். பெயர் ஆர்லீன். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை. குழந்தை இறந்தே பிறந்தது. அப்போது மிஷோ வீட்டில் இல்லை. மாமனார் வந்து மகளைச் சிகாகோவுக்கே அழைத்துப் போய்விட்டார். அப்புறம் வறட்சி வந்தது, கடன் வந்தது, நிலமும் போனது.

இந்த மனிதர் செய்த அடுத்த காரியம்தான் அவரை வரலாற்றில் நிறுத்தியது: நடந்ததை எழுதி விற்க ஆரம்பித்தார். 1913-ல் 'தி காங்க்வெஸ்ட்' பெயர் போடாமல் வந்தது. 1917-ல் அதே கதையைக் காதல், கொலை, துரோகம் எல்லாம் சேர்த்து விரித்து 'தி ஹோம்ஸ்டெடர்' என்ற ஐந்நூறு பக்க நாவலாக்கினார். ஐயோவா மாநிலத்தின் சியூ சிட்டியில் தானே பதிப்பகம் நடத்தி, தானே வண்டியேறிப் பண்ணை பண்ணையாகப் போய் விற்றார். வாங்கியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் விவசாயிகள். கதவைத் தட்டிப் புத்தகம் விற்ற அந்தப் பழக்கம் பின்னால் படத்துக்கும் உதவியது.

1918-ல் ஒமாஹாவில் தபால் நிலைய எழுத்தராக இருந்த ஜார்ஜ் ஜான்சன் கண்ணில் அந்த நாவல் பட்டது. அவரும் அண்ணன் நோபிள் ஜான்சனும் 1916 முதல் லிங்கன் மோஷன் பிக்சர் கம்பெனி நடத்தி வந்தார்கள். கறுப்பர்கள் தங்களுக்காகத் தாங்களே எடுத்துக்கொண்ட படங்களுக்கு 'ரேஸ் படங்கள்' என்று பெயர்; அதில் முன்னோடி அவர்கள்தான். 1915-ல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' என்ற படம் கறுப்பர்களை வெறியர்களாகவும், கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை மீட்பர்களாகவும் காட்டி நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த நேரம். லிங்கன் கம்பெனியின் பதில் நேர் எதிரானது: உழைத்து முன்னேறும் என்ஜினியர், வீரம் காட்டும் சிப்பாய். எல்லாம் இரண்டு, மூன்று ரீல் படங்கள்.

நாவலைப் படமாக்கலாமா என்று ஜான்சன் கடிதம் போட்டார். மிஷோ ஒப்புக்கொண்டார், நிபந்தனைகளோடு. இந்தப் பெரிய கதைக்கு மூன்று ரீல் போதாது, குறைந்தது ஆறு வேண்டும். படப்பிடிப்பில் நானும் இருப்பேன். கறுப்பு நாயகனுக்கும் வெள்ளைப் பெண்ணுக்கும் இடையிலான காதலை மழுப்பக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் ஜான்சன் தயங்க, மிஷோ எழுதிய பதில் இன்றும் இருக்கிறது. 'இனங்கள் கலந்து மணம் புரியலாமா?' என்று ஒரு சுவரொட்டி அடித்துப் பாருங்கள், அதைவிட மக்களை இழுப்பது வேறு எதுவும் இருக்காது என்கிறார். 1918-ல், பல மாநிலங்களில் அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படிக் குற்றமாக இருந்தபோது, ஒரு படம்கூட எடுத்திராத ஆள் எழுதியது இது. எனக்கு மிஷோவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி போதும். அவருக்குள் ஒரு கலகக்காரரும் ஒரு பலசரக்கு வியாபாரியும் இருந்தார்கள், இரண்டு பேரும் சண்டையே போட்டுக்கொள்ளவில்லை.

பேரம் முறிந்தது. சரி, நானே எடுக்கிறேன் என்று மிஷோ கிளம்பிவிட்டார். 'மிஷோ ஃபிலிம் அண்ட் புக் கம்பெனி' என்று பதிவு செய்து, எந்த விவசாயிகளிடம் புத்தகம் விற்றாரோ அவர்களிடமே போய்ப் பங்கு ஒன்று 75 முதல் 100 டாலர் வரை விற்றார். ஆக, கறுப்பர்களுக்காகக் கறுப்பர் எடுத்த அந்த முதல் பெரிய படத்துக்குக் கணிசமான முதல் போட்டவர்கள் சியூ சிட்டி வட்டாரத்து வெள்ளைக்கார விவசாயிகள். உள்காட்சிகள் சிகாகோவில் செலிக் ஸ்டுடியோவில். வயல்வெளிக் காட்சிகள் தெற்கு டகோடாவின் வின்னர் அருகே, அதாவது அவர் உழுது தோற்ற மண்ணுக்குப் பக்கத்திலேயே.

கதைச் சுருக்கம்: டகோடா சமவெளியில் தனியாக நிலம் எடுத்து உழைக்கும் கறுப்பு இளைஞன் ழான் பாப்டிஸ்ட். பக்கத்துப் பண்ணை ஸ்காட்லாந்துக்காரரின் மகள் ஆக்னஸ் மேல் காதல். அவள் வெள்ளை என்பதால் விலகுகிறான். சிகாகோ பாதிரியார் மெக்கார்த்தியின் மகள் ஆர்லீனை மணக்கிறான். பாதிரியார் ஒரு வேஷதாரி. இன்னொரு மகள் எத்தலும் அவரும் சேர்ந்து அந்தக் குடும்பத்தைப் பிரிக்கிறார்கள். ஆர்லீன் புத்தி பேதலித்து, அப்பாவைக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொள்கிறாள். பாப்டிஸ்ட் நிலத்துக்குத் திரும்புகிறான். அங்கே, ஆக்னஸ் உடம்பிலும் கறுப்பு ரத்தம் ஓடுவது தெரியவருகிறது. இனித் தடையில்லை, சுபம்.

கவனித்தீர்களா? மனைவியின் பெயரைக்கூட மாற்றவில்லை. நிஜ மாமனாரின் பெயர் மெக்க்ராக்கன், படத்தில் மெக்கார்த்தி. அதை எடுத்துக்கொண்டு போய் மாமனாரின் ஊரான சிகாகோவிலேயே முதல் காட்சி போட்டார்.

தேதி 1919 பிப்ரவரி 20. இடம் எட்டாம் படைப்பிரிவின் ஆர்மரி என்ற பெரிய ராணுவக் கூடம், சிகாகோவின் தெற்குப் பக்கம், கறுப்பின மக்கள் வாழும் பகுதி. அந்தப் படைப்பிரிவு முழுக்கக் கறுப்பர்களுடையது. முதல் உலகப் போரில் பிரான்ஸில் சண்டையிட்டு வந்த வீரர்களுக்குச் சிகாகோ வரவேற்பு ஊர்வலம் நடத்தியது அதற்குச் சில நாள் முன்புதான். ஊரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த வாரத்தில், அவர்களுடைய கூடத்திலேயே, கறுப்பினத்தின் சாதனைகளில் இது ஒரு புதிய சகாப்தம் என்று விளம்பரம் செய்து படத்தைப் போட்டார்.

பாதிரியார்கள் மூன்று பேர் புகார் கொடுத்தார்கள். ஊரறிந்த ஒரு போதகரைத்தான் வேஷதாரியாகக் காட்டியிருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. 1907-லிருந்தே சிகாகோவில் போலீஸ் சென்சார் உண்டு. படம் நிறுத்தப்பட்டது, பிறகு பார்வையிட்டு அனுமதிக்கப்பட்டது. மிஷோ சும்மா இருப்பாரா? அடுத்த விளம்பரத்திலேயே, மூன்று பாதிரியார்கள் எதிர்த்தும் சென்சார் அனுமதித்த படம் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். புகார் கொடுத்தவர்கள் செய்தது அவருக்குக் காசில்லாத விளம்பரம்.

இப்போது படம் எப்படித் தொலைந்தது என்பதற்கு வருகிறேன்.

மௌனப் படங்கள் பொதுவாகவே தொலைந்தவைதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை அங்கே வந்த முழுநீள மௌனப் படங்கள் 10,919. அவற்றில் வெளியான அதே வடிவில், முழுதாக மிஞ்சியிருப்பவை நூற்றுக்குப் பதினான்கு. எழுபது சதவீதம் போயே போய்விட்டது. பெரிய ஸ்டுடியோக்கள், கிட்டங்கி வைத்திருந்தவர்கள், வக்கீல் வைத்திருந்தவர்கள் எல்லோருடைய படங்களையும் சேர்த்த கணக்கு இது.

காரணங்களில் முதலாவது பிலிமே. அன்றைய பிலிம் செல்லுலோஸ் நைட்ரேட். துப்பாக்கிப் பஞ்சு என்ற வெடிபொருளுக்கு நெருங்கிய உறவு. தீப்பிடித்தால் தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் எரியும், ஏனென்றால் எரியத் தேவையான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. தீப்பிடிக்காவிட்டாலும் நிம்மதி கிடையாது. வெப்பமும் ஈரமும் பட்டால் முதலில் படம் மங்கும், பிறகு பிசுபிசுவென்று சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காட்டமான வாடை வரும், கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்புத் தூள். அது போதாதென்று பிலிமில் வெள்ளி வேறு இருந்தது. பேசும் படம் வந்ததும் மௌனப் படத்துக்கு மதிப்பு போய்விட்டது. பழைய பிரதிகளைக் கழுவி வெள்ளி எடுத்தவர்கள் ஏராளம்.

ஆனால் 'ஹோம்ஸ்டெடர்' போன்ற ரேஸ் படங்களுக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய எமன் ஒன்று இருந்தது. அது அவற்றின் வியாபார முறை. படப்பெட்டி என்று நாம் சொல்வோமே, அந்தப் பெட்டிதான் அவர்களுக்கு மொத்தச் சொத்து. பெரிய கம்பெனி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தியேட்டரில் படம் போடும். அதற்கேற்பப் பிரதிகள் எடுக்கும். மிஷோவிடம் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள். அவற்றைக் காரிலோ ரயிலிலோ ஏற்றிக்கொண்டு சிகாகோவிலிருந்து தெற்கு மாநிலங்கள் வரை போவார்கள். தியேட்டர்காரரிடம் முன்பணம் வாங்கி, அந்தப் பணத்திலேயே அடுத்த படத்துக்குப் பூஜை போடுவார்கள். வெள்ளையர் தியேட்டரில் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் கறுப்பர்களுக்கென்று தனிக்காட்சி நடக்கும். அதற்கு 'மிட்நைட் ராம்பிள்' என்று பெயர். தியேட்டர் இல்லாத ஊரில் சர்ச், பள்ளிக்கூடம், சங்கக் கூடம். ஒவ்வொரு ஊரிலும் தேய்ந்த பழைய புரொஜெக்டர் அந்தப் பிரதியில் இன்னொரு கீறலைப் போட்டு அனுப்பும்.

அதோடு கத்தரி. ஊருக்கு ஊர், மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு சென்சார். ஒரு ஊரில் வெட்டச் சொன்னதை வெட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊரில் ஒட்டிப் போட்டுவிடுவார் என்று மிஷோவுக்குப் பெயர் உண்டு. ஒட்டும்போது ஒவ்வொரு முறையும் சில கட்டங்கள் போகும். பத்து ஊர் சுற்றி வந்த பிரதி, கிளம்பியபோது இருந்த படமாக இருக்காது. கடைசியில் பிலிம் அறுந்து அறுந்து ஓட்ட முடியாத நிலைக்கு வந்தால் அத்தோடு முடிந்தது. ஓடி ஓடிச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுச் செத்த குதிரை மாதிரி. யாரும் திருடவில்லை, யாரும் கொளுத்தவில்லை. தேயும் வரை பயன்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

அரசு நூலகத்தில் ஒரு பிரதி இருந்திருக்காதா என்று கேட்கலாம். 1912-லிருந்து 1942 வரை, காப்புரிமைக்கு வந்த படங்களைப் பதிவு செய்துகொண்டு, எழுத்துக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, தீ அபாயமுள்ள பிலிமைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் காங்கிரஸ் நூலகத்தின் வழக்கம். எனவே அங்கேயும் இல்லை. மிஷோவின் கம்பெனியே 1928-ல் திவால் மனு கொடுத்தது. திவாலானவர் பழைய படத்தைப் பத்திரப்படுத்த வாடகைக்குக் குளிர்ந்த அறை எடுப்பாரா?

விளைவு: மிஷோ நாற்பதுக்கு மேல் படங்கள் எடுத்தார். அவற்றில் மௌனப் படங்கள் இருபதுக்கு மேல். அந்த மௌனப் படங்களில் இன்று இருப்பவை மூன்றே மூன்று.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வரலாம். பார்க்காத படத்தைப் பற்றி எப்படி இவ்வளவு தெரிகிறது? நாவல் இருக்கிறது, காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். ஜார்ஜ் ஜான்சன் தபால்காரப் புத்தியோடு ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப்போடாமல் சேர்த்து வைத்த கடிதங்கள், விளம்பரங்கள், பத்திரிகைக் கத்தரிப்புகள் இன்று லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. போட்டிக் கம்பெனிக்காரர் சேர்த்து வைத்ததால்தான் மிஷோவின் முதல் படத்தைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது. வேடிக்கைதான். அப்புறம் 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இவற்றில் பெரும்பகுதி மிஷோவே சொன்னது. கதவைத் தட்டிப் புத்தகம் விற்றவர் சொன்னது. விளம்பரத்தில் கூட்டம் அலைமோதியது என்றிருந்தால் அது விளம்பரம். 'டிஃபெண்டர்' புகழ்ந்திருந்தால், விளம்பரமும் அதே பத்திரிகையில்தான் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். படத்தின் கதை என்று எல்லோரும் எழுதுவதில் எவ்வளவு திரையில் வந்தது, எவ்வளவு நாவலிலிருந்து வந்தது என்பது பல கட்டுரைகளில் குழம்பிக் கிடக்கிறது. நாவலில் இருப்பதால் படத்திலும் இருந்திருக்கும் என்று எழுதும் கட்டுரையைக் கண்டால் நான் அடுத்த பத்திக்குத் தாவிவிடுவேன்.

கதை தொலையவில்லை என்பதுதான் இதில் விசித்திரம். மிஷோ அந்த ஒரே கதையைச் சாகும்வரை விடவில்லை. 'தி காங்க்வெஸ்ட்', 'தி ஹோம்ஸ்டெடர்' நாவல், அதன் படம், 1931-ல் 'தி எக்ஸைல்' என்ற பேசும் படம், 1940-களில் 'தி விண்ட் ஃப்ரம் நோவேர்' என்ற நாவல், அதை வைத்து 1948-ல் 'தி பிட்ரேயல்' என்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம். மொத்தம் ஆறு தடவை. அவருடைய முதல் படமும் கடைசிப் படமும் இதே கதைதான், இரண்டும் இன்று இல்லை. நடுவில் வந்த 'எக்ஸைல்' மட்டும் தப்பியிருக்கிறது.

அப்படியானால் உண்மையில் தொலைந்தது என்ன? என்னைக் கேட்டால், ஆக்னஸின் முகம்.

யோசித்துப் பாருங்கள். நாவலில் 'அவள் வெள்ளைப் பெண்' என்று எழுதினால் வாசகர் நம்பிவிடுவார். கடைசி அத்தியாயத்தில் 'இல்லை' என்று எழுதினால் அதையும் நம்புவார். எழுத்துக்கு நிறம் கிடையாது. திரையில் அது நடக்காது. ஆக்னஸாக நடித்தவர் ஐரிஸ் ஹால், வெளிர் நிறமுடைய கறுப்பின நடிகை. ஆர்மரி கூடத்தில் உட்கார்ந்திருந்த கறுப்பின ரசிகர்கள் அந்த முகத்தைப் பார்த்த முதல் நொடியே 'நம்ம பெண்ணாச்சே' என்று புரிந்துகொண்டார்களா, இல்லை கதை சொன்னபடி வெள்ளைப் பெண்ணாகவே பார்த்தார்களா? புரிந்துகொண்டார்கள் என்றால், பாப்டிஸ்ட் தியாகம் செய்து விலகும் காட்சியில் அவர்கள் கண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள். 'அட மடையா, அவ நம்ம ஆளுதான்டா' என்று உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். ஒரே காட்சி, சோகமா நகைச்சுவையா என்பது ஒரு க்ளோஸப்பில், ஒரு விளக்கு வெளிச்சத்தில் தீர்மானமாகிற விஷயம். மிஷோ அதை எப்படிக் கையாண்டார் என்று எந்தக் கடிதமும் சொல்லாது. பிலிமில் மட்டும்தான் இருந்தது.

எவலின் ப்ரியர் விஷயமும் அப்படித்தான். ஆர்லீனாக நடித்தவர், அதுதான் அவருக்கு முதல் படம். பின்னால் கறுப்பினத் திரையுலகின் முதல் நட்சத்திரமாகக் கொண்டாடப்பட்டு, 1932-ல் முப்பத்தாறு வயதில் நிமோனியாவில் இறந்துபோனார். புத்தி பேதலித்து அப்பாவைக் கொல்லும் அந்தக் காட்சியை ஒரு புதுமுகம் எப்படித் தாங்கினார் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை.

சரி, பார்க்க வழியே இல்லையா என்றால், குறுக்கு வழி ஒன்று உண்டு. தப்பிய மூன்று மௌனப் படங்களிலும் இந்தப் படத்தின் ஒவ்வொரு அங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் 'தி சிம்பல் ஆஃப் தி அன்காங்கர்ட்', 1920. மறுபடியும் தனியாக நிலம் எடுத்த கறுப்பு நாயகன், மறுபடியும் ஐரிஸ் ஹால், மறுபடியும் அவளை வெள்ளைக்காரி என்று நினைத்து விலகி நிற்கும் நாயகன். ஆக்னஸுக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு எதுவும் நம்மைக் கொண்டுபோகாது. ஒரு வித்தியாசம்: இதில் அவள் கறுப்பினப் பெண் என்பது நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும், நாயகனுக்குத்தான் தெரியாது. முதல் படத்து ரசிகர்களின் எதிர்வினையிலிருந்து கற்றுக்கொண்டு மாற்றினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நிரூபிக்க முடியாது, ஆனாலும் சந்தேகம்.

எவலின் ப்ரியரைப் பார்க்க 'விதின் அவர் கேட்ஸ்', அதுவும் 1920 ஜனவரி. 1919 ஜூலைக் கடைசியில் சிகாகோவில் இனக்கலவரம் வெடித்து 38 பேர் இறந்திருந்தார்கள். அந்தப் புண் ஆறும் முன், ஒரு கறுப்பினக் குடும்பத்தைக் கும்பல் தூக்கிலிடும் காட்சியோடு படம் வந்து நின்றது. இன்னொரு கலவரம் வருமோ என்று ஊர் நடுங்கியது. பிற்பகுதியில் ப்ரியரின் பாத்திரத்தை ஒரு வெள்ளைக்காரன் பலவந்தம் செய்யப் போகும்போது, அவள் மார்பிலுள்ள தழும்பைப் பார்த்துத் தன் சொந்த மகள் என்று உணர்ந்து உறைந்துபோவான். அங்கே ப்ரியரின் உடம்பு மொத்தமும் போராடுவதைப் பாருங்கள். ஆர்லீன் எப்படி இருந்திருப்பாள் என்று கொஞ்சம் ஊகிக்கலாம்.

வேஷதாரிப் பாதிரியாருக்கு 'பாடி அண்ட் சோல்', 1925. பாடகராகவும் நடிகராகவும் புகழ்பெற்ற பால் ரோப்சனின் முதல் படம், இரட்டை வேடம்: குடித்துச் சூதாடி, ஏழைத் தாய் ஒருத்தியின் பணத்தைத் திருடும் போதகர் ஒருவர், அவருடைய நல்ல சகோதரர் ஒருவர். ஆறு வருஷம் கழிந்தும் மாமனார் மேல் கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது. நியூயார்க் சென்சார் இதையும் சும்மா விடவில்லை. வெட்டித் திருத்தித்தான் ஓட்ட முடிந்தது. எல்லாம் கனவு என்று முடியும் முடிவு ஒட்டுப்போட்டது போல இருப்பதற்கு அந்தப் பின்னணியையும் மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவற்றில் முதல் இரண்டும் எப்படித் தப்பின? 1920-ஆம் ஆண்டின் இரண்டும் அமெரிக்காவில் கிடைக்கவே இல்லை. 'சிம்பல்' பெல்ஜியக் காப்பகத்தில், காட்சிகளுக்கு நடுவே வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் பிரெஞ்சிலும் ஃப்ளெமிஷிலும் எழுதப்பட்ட நிலையில் இருந்தது. 'விதின் அவர் கேட்ஸ்' ஸ்பெயினில் 'லா நெக்ரா', அதாவது 'கறுப்புக்காரி' என்ற தலைப்பில் கிடந்தது. 1970-களில் அடையாளம் காணப்பட்டு, பிறகு காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து, 1993-ல் செப்பனிடப்பட்டது. மூல ஆங்கில எழுத்து அட்டைகளில் நான்குதான் மிஞ்சியிருந்தன. மற்றவற்றை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பி மொழிபெயர்த்து, மிஷோவின் நாவல்களைப் படித்து அவருடைய நடையில் எழுதிச் சேர்த்தார்கள். எனவே நாம் இன்று அந்தப் படத்தில் வாசிப்பது பெரும்பாலும் மிஷோவின் சொற்களே இல்லை, அவர் மாதிரி எழுதப்பட்ட சொற்கள். நடுவில் ஒரு துண்டு காணோம். அங்கே ஒரு விளக்க அட்டை வரும். 'சிம்பல்' படத்தில் நிலைமை இன்னும் மோசம். க்ளான்காரர்களை விரட்டியடிக்கும் உச்சக்காட்சியின் பெரும்பகுதி இல்லை. கறுப்பின ரசிகர்கள் கைதட்டிக் கூரையைப் பெயர்த்திருக்கக்கூடிய காட்சி அதுதான். நான் முதன்முறை பார்த்தபோது தீப்பந்தங்களோடு முகமூடிக் குதிரைகள் கிளம்பின, அடுத்ததாக ஒரு அட்டை வந்தது, கதை அதைத் தாண்டிப் போய்விட்டது. வீடியோதான் தாவிவிட்டதோ என்று பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டால்: முதலில் 'ஹோம்ஸ்டெடர்' நாவலின் முதல் நூறு பக்கம், பனிப்புயலில் ஆக்னஸ் வரும் பகுதி வரையாவது. அடுத்து 'சிம்பல்', பிறகு 'விதின் அவர் கேட்ஸ்', 'பாடி அண்ட் சோல்'. கடைசியில் 'எக்ஸைல்'. அது நடிப்பில் விறைப்பாக, ஒலியில் கரகரப்பாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ழான் பாப்டிஸ்ட் கதையை மிஷோவின் கையால் திரையில் பார்க்க மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அதுதான்.

தேடுகிறவர்கள் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தலைப்பை வைத்துத் தேடிப் பயனில்லை என்பது 'லா நெக்ரா' கற்றுக்கொடுத்த பாடம். டப்பாவில் எந்த மொழியில் எந்தப் பெயர் எழுதியிருக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே புல்வெளி நடுவே ஒரு மண்வீடு, ஏர் பிடித்த ஒரு கறுப்பு இளைஞன், பக்கத்துப் பண்ணையிலிருந்து வரும் வெளிர் நிறப் பெண், ஊரிலிருந்து ரயிலேறி வரும் ஒரு பாதிரியார். இந்த நான்கும் இருந்தால், முதலில் அந்த அறையில் யாரும் தீக்குச்சி உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.